எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்புங்கள்

அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும், மேல்மாடி வீட்டுக் கூடத்தின் சுவரைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டிவிடுவார்கள். வலது மூலையில் ஓர் ஈரக்கறை. பார்க்கிறவரின் மனநிலையைப் பொறுத்து அது ஆமையாகவோ தொப்பி போட்ட அதிகாரியாகவோ தெரியும். அதற்குக் கீழே ஓர் ஆணி. எதையாவது மாட்டுவதற்காக இருப்பதல்ல, பிடுங்க வராததால் இருப்பது. நடுவில் பெரிய வட்டக் கடிகாரம். கறுப்பு முகம், வெள்ளை முட்கள், மேலே கண்ணாடி. எல்லாம் இருந்தது, மணி மட்டும் சரியாகக் காட்டாது.

ஒரு சுவருக்கு இவ்வளவு ரசிகர்கள் சேர்ந்ததற்குக் காரணம் அந்த வீட்டில் வைஃபை இருந்ததுதான்.

கட்டடம் பழையது. சுவர்கள் கோட்டைக்குக் கட்டியது போல் கனம். செல்போன் சிக்னல் உள்ளே வராது. கூச்ச சுபாவமுள்ள விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போய்விடும். ஆகவே நாலு பேருக்கு இன்டர்நெட் வேண்டுமென்றால் மேல்மாடிப் பெட்டி ஒன்றுதான் கதி. மாதக் கட்டணத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாஸ்வேர்டை மட்டும் பங்கு போடவில்லை. அது அந்த வீட்டு எக்ஸ்சேஞ்ச் அக்காவிடம் இருந்தது.

விதி எளிமையானது. போனையோ லேப்டாப்பையோ அக்கா கையில் கொடுத்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் டிக் டிக் என்று கேட்கும். பிறகு "ம், ஆச்சு" என்று குரல் வரும். அப்போது திரும்பலாம். அதற்கு முன்பு தும்மல் வந்தால் ஆமையைப் பார்த்துத்தான் தும்ம வேண்டும். டிவி, வாஷிங் மெஷின் போன்ற பெரிய மனிதர்கள் படியேறி வர மாட்டார்கள் என்பதால் அக்காவே இறங்கிப் போவார். அங்கே அந்தந்த வீட்டுச் சுவர். ஒருமுறை யாரோ வைஃபையில் எரியும் பல்பு ஒன்றை வாங்கிவிட்டார்கள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்கங்க டைப் பண்றது? எரியறதுக்கே இதுக்கு இன்டர்நெட் வேணும்னா, எரிஞ்சு முடிச்சா என்னென்ன கேக்கும்?" என்றார்.

கட்டின புருஷனுக்கும் சலுகை கிடையாது. புருஷன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், எல்லோருக்கும் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவன் செய்யும் தப்புக்குத் தன் காலால் பிரேக் பிடித்தே வாழ்ந்தவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. அக்கா கொஞ்சம் வேகமாகப் பேசினால் மாஸ்டரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பேங்க் கார்டின் ரகசிய எண்ணை அக்கா மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும்படி கத்திச் சொல்வார். வைஃபைக்கு மட்டும் மாஸ்டரும் சுவரோடு நிற்க வேண்டியதுதான்.

எக்ஸ்சேஞ்ச் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அக்கா டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். காதில் ஒன்று, வாயருகே ஒன்று, முன்னால் பொத்தான் பலகை. அழுதுகொண்டு கூப்பிடுகிறவர், திட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர், யாரைக் கூப்பிட்டோம் என்பதையே மறந்துவிட்டவர் என்று எல்லோருக்கும் ஒரே பதில்: "லைன்ல இருங்க." மறு நொடி உரிய இடத்தில் மணி அடிக்கும். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி "மருந்து கொடுக்கற இடத்துக்கு என்ன நம்பர் அக்கா?" என்று கேட்டபோது அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. காற்றில் அழுத்திப் பார்த்து, தன் விரலைத் தானே வேடிக்கை பார்த்து, அதன் பிறகுதான் சொன்னார். எண்களெல்லாம் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததை மண்டையும் சுமப்பானேன் என்று விட்டுவிட்டார்.

பிறகு ஆஸ்பத்திரியில் பதிவு செய்த குரல் ஒன்றை வேலைக்கு வைத்தார்கள். மருத்துவருக்கு ஒன்றை அழுத்தவும், மருந்துக்கு இரண்டை அழுத்தவும். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அக்கா ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் குரலுக்குப் போன் செய்து, வேண்டுமென்றே தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தார். எப்போது எரிச்சல் படுகிறாள் பார்ப்போம் என்று. அவள் படவே இல்லை. "மன்னிக்கவும், மீண்டும் முயலவும்" என்று கடைசி வரை தேனாகவே பேசினாள்.

"நான் அவ்வளவு நல்லவ இல்லைங்க" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான் வைஃபை வந்தது. மோடத்தின் தலையில் பச்சை விளக்குகள் மினுக்கியதைப் பார்த்ததும் அக்காவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. பலகையில் எரிந்த அதே விளக்குகள். பாஸ்வேர்டு போடச் சொன்னார்கள். பழைய ஆஸ்பத்திரி எண்களைக் கை தானாகவே வரிசையாகப் போட்டது.

அன்றிலிருந்து கூடம் கூடமாக இல்லை. போனைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறவரிடம் அக்கா டைப் செய்துகொண்டே இரண்டு வார்த்தை விசாரிப்பார். அவர் சொன்ன இரண்டு வார்த்தை அடுத்து வருகிறவருக்குப் போகும். இரண்டாம் மாடி டீச்சருக்கு முழங்கால் வலி என்பதும், தெருமுனைக் கடையில் முழங்காலுக்கு நல்ல எண்ணெய் இருக்கிறது என்பதும் இந்தக் கூடத்தில்தான் சந்தித்துக்கொண்டன. எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் குழாய்க்காரன் சொன்ன நேரத்துக்கு வருவான், எல்லாம் இங்கே இணைக்கப்படும். மற்ற ஊர்களில் போன் ஒருமுறை வைஃபையோடு சேர்ந்தால் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். இந்தக் கட்டடத்துப் போன்களுக்கு மட்டும் மறதி அதிகம். அதிலும் டீச்சரின் போன் வாரம் தவறாமல் மறந்துவிடும்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள்.

வைஃபை அந்தக் கட்டடத்தில் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகாது. டீச்சர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தொட்டியருகே பிரமாதமாக இருக்கும். ஆகவே டீச்சர் தன் மகனிடம் பேசும்போதெல்லாம் அவன் பின்னணியில் கழுவாத குக்கரைப் பார்ப்பான். முதல் மாடி டைலர் கடையில் இஸ்திரி மேஜையின் இடது ஓரம் மட்டும் நல்ல இடம். கீழ்வீட்டுக்குச் சுத்தமாக வராது. புது மனைவிக்கோ வேலையே லேப்டாப்பில்தான், தூரதேசத்துக்காரர்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பது. அவள் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். போகிற வருகிறவர்கள் "கொஞ்சம் காலை மடக்கிக்கம்மா" என்று தாண்டிப் போனார்கள். கடல் கடந்து இருந்த அவளுடைய மாணவர்கள் முதலில் கற்றுக்கொண்ட முழு வாக்கியம் அதுதான்.

கீழ்வீட்டுக்காரர் பொறுமைசாலி, ஆனால் புருஷன். ஒருநாள் படிக்கட்டுச் சுவரில் காகிதம் ஒட்டினார். மாடிக்கு ஒரு பெட்டி வீதம் கம்பெனியே வந்து மாட்டித்தரும், ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூடிப் பேசலாம் என்று. கீழே ஒரு வரி: "பாஸ்வேர்டை இங்கேயே ஒட்டிவிடலாம், யாரும் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது."

அக்கா அதைப் படித்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை என் போர்டைக் கழட்டப் போறாங்க" என்றார்.

"சும்மா பேசத்தானே கூப்பிட்டிருக்காங்க" என்றார் மாஸ்டர்.

"ஆஸ்பத்திரியிலயும் பேசத்தான் கூப்பிட்டாங்க. டீ, பிஸ்கட்லாம் கொடுத்தாங்க."

மாஸ்டரின் கால் மெல்லத் தரையை அழுத்தியது. பயனில்லை. அக்கா எழுந்துவிட்டார். கீழ்வீட்டுக்கு நெட் போய்விட்டால் காகிதம் ஒட்டியவனுக்குப் பேச என்ன இருக்கும்? பெட்டியை உயரத்தில் வைத்தால் ஆச்சு. தண்ணீர்த் தொட்டியை மொட்டைமாடியில் வைப்பது எதற்கு? மேலிருந்து கீழே நன்றாக இறங்கத்தானே? மோடத்தைப் பரணில் ஏற்றுவது என்று முடிவானது. ஸ்டூலின் மேல் இன்னொரு ஸ்டூல் ஏறியது, அதன் மேல் அக்கா ஏறினார். அடுத்து நடந்ததை விவரிக்கத் தேவையில்லை.

விழும்போது அக்கா "பெட்டி! பெட்டி!" என்று கத்தினார். மாஸ்டர் பாய்ந்து பெட்டியைப் பிடித்துவிட்டார். கீறல்கூட இல்லை. அக்காவுக்கு வலது மணிக்கட்டு.

"பெட்டியைப் பிடிச்சீங்களே, என்னைப் பிடிச்சீங்களா?"

"நீதானே பெட்டின்னு கத்தின?"

"பின்னே, என் பேரைச் சொல்லியா நானே கத்திக்குவேன்?"

கட்டுப் போட்டு அனுப்பினார்கள். முழங்கையிலிருந்து விரல்வரை வெள்ளை மாவு. விரல் நுனிகள் மட்டும் ஜன்னலோரப் பயணிகள் மாதிரி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் டைலர் தன் டேப்போடு, அளவெடுக்கும் டேப் அல்ல, படம் பார்க்கும் டேப்லெட்டோடு படியேறி வந்தார். ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் அதன் நினைவையெல்லாம் துடைத்துக் கொடுத்துவிட்டார்களாம். மழலையர் பள்ளி ஒன்றுக்குச் சட்டைகளில் வாத்து போட வேண்டும், வாத்தின் படம் அதில்தான் வரும், நாளைக்கே பள்ளித் திறப்பு.

"வாத்து இல்லாம எப்படிக்கா தைக்கறது? ஞாபகத்துல தைச்சா கோழி மாதிரி வருது."

அவர் பழக்கப்படி சுவரைப் பார்த்துத் திரும்பினார். அக்கா டேப்பை மடியில் வைத்து இடது கையால் அழுத்தினார். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அழுத்தினார். தவறு. மூன்றாம் முறை அழுத்தப் போன இடது கை நடுவழியில் நின்றது. என்ன போடுவது என்று அதற்குத் தெரியவில்லை. அக்கா மண்டையைக் கேட்டார். மண்டை காலி.

அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. பாஸ்வேர்டு எங்கேயும் இல்லை. வலது கையில்தான் இருக்கிறது. வலது கை மாவுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையோ கிட்டே இருக்கிறது.

"மோடம் கொஞ்சம் ஓய்வு எடுக்குது டைலரே. சாயங்காலம் வாங்க" என்றார்.

டைலர் போனார். சாயங்காலம் வந்தார். ஓய்வு முடியவில்லை. கீழ்வீட்டுக்காரர் படியில் நின்று, "ஏதாவது பிரச்சினைங்களா? பின்னால ஒரு ஓட்டை இருக்கும், குண்டூசியால குத்துனா எல்லாம் அழிஞ்சு புதுசாயிடும். நான் வேணா வரட்டா?" என்று நல்ல மனதோடு கேட்டார். குண்டூசி என்ற சொல் அக்காவின் நெஞ்சில் குத்தியது. கதவைச் சாத்திக்கொண்டு மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருடைய தொழிலில் இது அன்றாடம் நடப்பது. கியர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நல்ல டிரைவரும் திணறுவான். வண்டியில் உட்கார வைத்தால் கை தானாகப் போகும். "அப்ப உன்னை வண்டியில உக்கார வைக்கணும்" என்றார். டைலரை மறுபடி கூப்பிட்டார், சுவரைப் பார்க்க வைத்தார். டேப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, கட்டுப் போட்ட கையை மேஜையில் பொத்தான் பலகை இருக்கிற மாதிரி நீட்டி வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹலோ, ஆஸ்பத்திரிங்களா? என் சம்சாரத்துக்கு வலி எடுத்துருச்சுங்க. பிரசவ வார்டு கொடுங்க, சீக்கிரம்!"

"பதறாதீங்க. லைன்ல இருங்க" என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் விரல் நுனிகள் மாவுக்குள்ளிருந்து துடித்தன. வாயில் எண் வந்துவிட்டது. அந்த எண்ணை இங்கே எழுதுவது முறையல்ல. அந்தக் கட்டடத்தில் இன்னும் அதே பாஸ்வேர்டுதான்.

மாஸ்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குரலை மாற்றினார். "மருந்து கொடுக்கற இடமா? வெள்ளை மாத்திரையா மஞ்சள் மாத்திரையான்னு மறந்துபோச்சுங்க."

"லைன்ல இருங்க." அதுவும் வந்தது. ரத்தப் பரிசோதனையும் வந்தது.

"ஹலோ, என் பொண்டாட்டி ஸ்டூல்லேர்ந்து விழுந்துட்டா. எலும்பு டாக்டர் வேணும்."

"விழும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

"பிடிக்கலையா?"

"பெட்டியைப் பிடிச்சேன்."

"அப்ப உங்களுக்குக் கண் டாக்டர்தான் வேணும். லைன்ல இருங்க."

சுவரைப் பார்த்து நின்ற டைலரின் தோள்கள் குலுங்கின. எலும்புக்கான எண்ணும் வந்தது. மாஸ்டர் எல்லாவற்றையும் அக்காவின் விரல் நுனிகள் தட்டிக் காட்டிய வரிசையில் போட்டு அழுத்தினார். தவறு என்றது டேப்.

"இன்னும் ஏதோ ஒண்ணு இருக்கு" என்றார் அக்கா. "கை நிக்கல பாருங்க. எங்கயோ போகப் பாக்குது."

மாஸ்டர் கண், காது, பல் என்று உடம்பின் எல்லாப் பாகங்களுக்கும் போன் செய்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கேன்டீனைக் கூப்பிட்டுச் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போட்டார். ஒவ்வொன்றுக்கும் எண் வந்தது, ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் அவருக்குக் கேட்க ஆள் தீர்ந்துபோனது. அக்காவின் விரல் நுனிகள் அசையாமல் இருந்தன. அவர் எதிரே இருந்த பச்சை விளக்குகளைப் பார்த்தபடி, "போதும் விடுங்க. குண்டூசி எடுத்துட்டு வரச் சொல்லுங்க அந்தத் தம்பியை" என்றார். குரல் உடையவில்லை. அது ஆபரேட்டர் குரல். ஆனால் மாஸ்டரின் கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது.

அப்போது சுவரிடமிருந்து ஒரு குரல் வந்தது.

"கடைசியில ரெண்டு நம்பர் விட்டுப்போச்சுக்கா" என்றது. அந்த இரண்டையும் சொன்னது.

மாஸ்டர் யோசிக்காமல் போட்டார். டேப் சேர்ந்துகொண்டது. வாத்து, தன் குஞ்சுகளோடு, திரையில் வந்து நின்றது.

யாரும் வாத்தைப் பார்க்கவில்லை.

"அது என் நம்பராச்சே" என்றார் அக்கா மெதுவாக. "ஆபரேட்டரோட சொந்த நம்பர். அந்த போர்டுல உக்காந்திருக்கறவகிட்ட யாரும் அதைக் கேக்க மாட்டாங்க." பிறகு நிமிர்ந்தார். "டைலரே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பலாமாக்கா?"

"கூடாது. சொல்லுங்க."

டைலர் கையை மட்டும் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினார்.

அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். கடிகாரத்தின் கறுப்பு முகத்தில் கூடம் முழுக்க இருந்தது. நாற்காலி இருந்தது, மேஜை இருந்தது, டேப்போடு மாஸ்டர் இருந்தார். மாஸ்டர் சந்தேகத்துக்குக் காலை ஆட்டிப் பார்த்தார். கடிகாரத்துக்குள் இருந்தவரும் ஆட்டினார். இவ்வளவு காலமாக, யாரும் பார்க்கக் கூடாது என்று அக்கா ஆட்களை நிறுத்தி வைத்தது, பார்ப்பதற்கு அந்த வீட்டிலேயே வசதியான இடத்தில்.

"எப்போலேர்ந்து?"

"முதல் தடவை வந்தப்பவே. இடம்வலம் மாறித்தான் தெரியும். ஆனா தெரியும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

டைலர் ஆமையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். "யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்கக்கா, சீக்கிரம் சொல்லிடலாம்."

"சரி, யாருக்குத் தெரியாது?"

"மாஸ்டருக்கு."

"நான் கண்ணை மூடிக்குவேன்" என்றார் மாஸ்டர். "பாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அக்கா மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். பெட்டி விவகாரம் அந்த இடத்தில் முடிந்துபோனது. பிறகு அது எடுக்கப்படவே இல்லை.

"டீச்சருக்கும் தெரியுமா? அவங்க போன்தான் வாரா வாரம் மறந்துடுதே?"

"போன் மறக்கறதில்லக்கா. படியேறும்போது டீச்சர்தான் மறக்க வைப்பாங்க. ஒரு பட்டன் இருக்கு."

"முழங்கால் வலியோட?"

"வலியோடதான்."

"எல்லாருமாச் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

"அய்யய்யோ, அப்படி இல்லக்கா. உங்க லைனை உங்களைக் கேக்காம எப்படிப் போட்டுக்கறது?" என்றார் டைலர். அது நியாயமான காரணம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கடையில நாள் பூரா சுவத்தைத்தான் பாக்கறேன். அங்க சுவரு பேசாது" என்றும் சொன்னார். மேல்மாடிக் காற்றும் டீயும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எது உண்மை என்று டைலருக்கே தெரியாது. வாத்தை அணைத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கிவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அக்கா அதிகம் பேசவில்லை. கோபமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று மாஸ்டராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில டாக்டருங்களுக்கு மத்த வார்டு நம்பர் தெரியாதா?"

"ஏன் தெரியாது? மேஜைக் கண்ணாடிக்கு அடியில எல்லாருக்கும் ஒட்டியிருக்கும்."

"அப்புறம் எதுக்கு உன்னைக் கூப்பிட்டு, கொடு கொடுன்னு கேப்பாங்க?"

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் எல்லோரும் கூடினார்கள். கீழ்வீட்டுக்காரர் அழகாகப் பேசினார். மாடிக்கு ஒரு பெட்டி, எல்லா அறையிலும் சிக்னல், யாருக்கும் சிரமம் இல்லை. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். இருக்காது என்று நினைத்துக் கேட்கிறவர்கள் கேட்கும் தோரணையில்.

டைலர் எழுந்தார். "மாடிக்கு ஒரு பெட்டின்னா மாடிக்கு ஒரு விளக்கு மினுக்கும். எனக்கு மினுக்குனா தலை சுத்தும்."

"அதுல துணி போட்டு மூடிக்கலாம் சார்."

"துணி வீணாகுமே?"

டீச்சர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "டாக்டர் என்னைத் தினமும் மாடி ஏறச் சொல்லியிருக்காரு."

"முழங்கால் வலின்னு ஏறக் கூடாதுன்னுதானே சொல்லுவாங்க?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"இவர் வேற டாக்டர்."

கீழ்வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, மாணவனின் தப்பைத் திருத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஆசிரியை போலப் பேசாமல் இருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் வானத்தையோ தரையையோ பார்த்தார்கள். ஒருவரும் அக்காவைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதில் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது.

அக்கா எழுந்தார். கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கிய துணியோடு சரிசெய்துகொண்டார்.

"எல்லாரும் நல்லாப் பொய் சொல்றீங்க" என்றார். "எனக்காகச் சொல்றீங்க, சரி. ஆனா கீழ் வீட்டுக்கு நெட் வரல, அது நிஜம். அந்தப் பொண்ணு படியில உக்காந்து பாடம் நடத்துது, நாம தாண்டித் தாண்டிப் போறோம். அதுக்கு வழி பண்ணாம நான் மேல ராணி மாதிரி உக்காந்திருந்தா அது போர்டே இல்ல. லைன் கொடுக்கறதுக்குத்தான் ஆபரேட்டர். தம்பி, மாடிக்கு மாடி பெட்டி போட்டாத்தான் கீழ வருமா, இல்ல வேற வழி இருக்கா?"

கீழ்வீட்டுக்காரர் கொஞ்சம் தடுமாறினார். "வழி இருக்குங்க. ரிப்பீட்டர்னு ஒண்ணு இருக்கு. மேல இருக்கற சிக்னலை வாங்கிக் கீழ கொடுக்கும். படித் திருப்பத்துல மாட்டுனா போதும். எங்க பழைய வீட்டுல இருந்தது ஒண்ணு எங்கிட்டயே இருக்கு."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"மேல வந்து கேக்கலாம்னுதான் இருந்தேன். உங்களைத் தொந்தரவு பண்ற மாதிரி இருக்குமேன்னு..."

"தொந்தரவு பண்ணுங்க தம்பி" என்றார் அக்கா. "இந்தக் கட்டடத்துல யார்தான் பண்ணல?"

கீழ்வீட்டுக்காரர் ஓடிப் போய் அதைக் கொண்டு வந்தார். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. மாடிப்படி முகப்பில் இருந்த பிளக்கில் சொருகி, போனில் ஏதோ தட்டினார். "மெயின் பாஸ்வேர்டு கேக்குது. சொல்லுங்க" என்றார் எல்லோரையும் பார்த்து.

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் அத்தனை பேர் அங்கே இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அக்கா இடது கையை நீட்டினார். "இங்க கொடுங்க. எல்லாரும் திரும்புங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மொட்டைமாடியில் சுவர் இல்லாததால் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். டைலர் பார்த்தார், டீச்சர் பார்த்தார். மாஸ்டர் பார்த்தார், கண்களை மூடியும்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எதுக்குத் திரும்பணும்?" என்று டைலரிடம் ரகசியமாகக் கேட்டார்.

"திரும்புங்க தம்பி. அப்புறம் சொல்றேன்."

அவரும் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் டிக், டிக் என்று கேட்டது. இடது கை புதிது, அதனால் நிதானமாகக் கேட்டது. கடைசி இரண்டு மட்டும் தடுமாற்றமில்லாமல் விழுந்தன. "ம், ஆச்சு."

தலையணை கீழ்வீட்டுக் கட்டிலுக்குத் திரும்பிப் போனது. படியில் யாரும் யாரையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. தூரதேசத்து மாணவர்கள் சிலர், அந்தக் காய்கறிப் பையோடு போகும் அம்மாளை இப்போதெல்லாம் காணோமே என்று விசாரித்ததாகக் கேள்வி.

சில நாள் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் தன் போனோடு மேலே வந்தார். அவருக்கு இப்போது வீட்டிலேயே சிக்னல் பிரமாதமாக வருகிறது.

"திடீர்னு மறந்துபோச்சுக்கா. என்னன்னே தெரியல" என்றார்.

"இந்தக் கட்டடத்துல அப்படித்தான் ஆகும். கொடுங்க. திரும்புங்க."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். ஈரக்கறை இருந்தது. அவருக்கு அது ஆமையாகத் தெரிந்தது. ஆணி இருந்தது. நடுவில் கறுப்பு முகக் கடிகாரம். அதன் கண்ணாடியை யாரோ சோப்புப் போட்டு, காகிதம் வைத்துத் தேய்த்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு தூசி இல்லை. கூடம் முழுவதும் கண்ணாடிபோல் அதில் தெரிந்தது.

அக்கா ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி அழுத்தினார். நடுவில் ஒருமுறை, தன் தலை மறைக்கிறதோ என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ம், ஆச்சு. பாத்தீங்களா?"

"இல்லக்கா."

"நல்லது. லைன்ல இருங்க, டீ போட்டுட்டு வரேன்."